ஏட்டிலிருந்து திரைக்கு: ‘ஏனுங்க’ என்றாலே சிரிப்புதானா?

திருப்பூரில் வாரம் என்பது சனிக்கிழமை சாயங்காலம் முடிகிறது. பனியன் கம்பெனிகளில் அன்றுதான் சம்பளம். அன்றைய ராத்திரியும் மறுநாள் ஞாயிறும் ஊருக்குச் சொந்தம். கடைவீதி நிரம்பும், கறிக்கடை நிரம்பும், சினிமா தியேட்டரும் நிரம்பும். மற்ற நாட்களில் ஒன்றரை ஷிப்ட் பார்க்கிறவருக்குத் தியேட்டர் ஏது? சினிமாவே செல்போனுக்குள் வந்துவிடுகிறது. டீ டைமில் ஓவர்லாக் டெய்லரும், கைமடிக்கிற பெண்ணும், செக்கிங் டேபிள் அம்மாவும் ஒரே செல்போன்மேல் குனிந்து சிரித்துக்கொண்டிருந்தால், பெரும்பாலும் உள்ளே பேசிக்கொண்டிருப்பவர் கவுண்டமணியாக இருப்பார்.

அவர் வேற்றூர்க்காரரும் அல்ல. உடுமலைப்பேட்டையை அடுத்த வல்லக்குண்டாபுரத்தில் பிறந்தவர். நாகேஷ் தாராபுரத்துக்காரர். கன்னடம் பேசும் குடும்பம், ஆனால் அமராவதித் தண்ணீர் குடித்து வளர்ந்த பிள்ளை. உடுமலையும் தாராபுரமும் இன்றைக்குத் திருப்பூர் மாவட்டத்தில் இருக்கின்றன. மாவட்டம் உருவானது 2009 பிப்ரவரியில். நாகேஷ் மறைந்தது அதே ஆண்டு ஜனவரி 31. தன் ஊர் மாவட்டம் மாறிய செய்தியைக் கேட்க அவருக்குக் கொடுத்துவைக்கவில்லை. கேட்டிருந்தால் அதையும் வைத்து நாலு வரி அடித்திருப்பார்.

தமிழ் சினிமாவுக்கு இத்தனை சிரிப்பைக் கொடுத்த இதே மண், தமிழ் நாவலுக்கும் ஒரு பெரிய காரியம் செய்திருக்கிறது. அது அவ்வளவாகப் பேசப்படவில்லை. கொங்குத் தமிழ் ஏட்டில் என்னவாக இருந்தது, திரைக்குப் போய் என்னவாயிற்று என்று பார்த்தால் கொஞ்சம் வருத்தமான கணக்கு ஒன்று வருகிறது.

தாராபுரத்தை ஒட்டிய கீரனூரில் 1917-ல் பிறந்தவர் ஆர். சண்முகசுந்தரம். அவருடைய ‘நாகம்மாள்’ நாவல் 1942-ல் வெளிவந்தது. அப்போது அவருக்கு இருபத்தைந்து வயது இருக்கும். கு.ப. ராஜகோபாலன் முன்னுரை எழுதினார். தமிழின் முதல் வட்டார நாவல் எது என்று யார் கேட்டாலும் முதலில் சொல்லப்படும் பெயர் இதுதான். அதற்கு முன்னால் நாவல்களில் கிராமம் வரவில்லையா என்றால், வந்தது. ஆனால் அந்தக் கிராமத்து மனிதர்கள் தங்கள் வாய்ப்பேச்சிலேயே கோபப்பட்டு, கெஞ்சி, சாடை பேசி, பங்கு கேட்டு வந்தது இதில்தான். கதை சொல்கிறவர் எழுத்துத் தமிழில் சொல்கிறார். பாத்திரங்கள் வாயைத் திறந்தால் கொங்கு வந்து விழுகிறது. இன்றைக்கு எல்லா எழுத்தாளர்களும் கையாளுகிற இந்த முறை, அன்றைக்கு எவ்வளவு துணிச்சல் என்பதை யோசித்துப் பார்க்க வேண்டும்.

கதை சுருக்கமானது. நாகம்மாள் சின்ன வயதிலேயே புருஷனை இழந்தவள். மகள் முத்தாயியோடு கொழுந்தன் சின்னப்பன் வீட்டில் இருக்கிறாள். சின்னப்பன் மனைவி ராமாயி. ஒரே அடுப்பு, ஒரே பண்ணையம். ஒருநாள் நாகம்மாளுக்கு ஒரு கேள்வி வருகிறது: என் புருஷனுடைய பங்கு எங்கே? அந்தக் கேள்வியைத் தூண்டிவிட ஊரில் ஆட்கள் இருக்கிறார்கள். கெட்டியப்பன் என்கிற சண்டியனோடு அவளுக்குள்ள பழக்கம் ஊர் வாய்க்கு அவல். சின்னப்பன் கெட்டவன் அல்ல, உழைப்பாளி, சாது. அதுதான் இந்த நாவலின் பலம். ஒரு பக்கம் முழுக்க நியாயம், மறுபக்கம் முழுக்க அநியாயம் என்று பிரித்துக் கொடுத்திருந்தால் படிக்கிறவருக்குச் சுலபமாக இருந்திருக்கும். சண்முகசுந்தரம் அந்தச் சலுகையைத் தரவில்லை. கடைசியில் ஒரு கொலை விழுகிறது. விழுந்த இடத்தில் நாவல் நின்றுவிடுகிறது.

விதவை பங்கு கேட்பது அந்தக் காலத்தில் வெறும் வீட்டுச் சண்டையும் அல்ல. 1937-ல் இந்துப் பெண்கள் சொத்துரிமைச் சட்டம் வந்தது. கணவனின் பங்கை விதவை தன் ஆயுள்வரை அனுபவிக்கலாம் என்றது. ஆனால் விவசாய நிலத்துக்கு அந்தச் சட்டம் செல்லாது என்று 1941-ல் ஃபெடரல் கோர்ட் சொல்லிவிட்டது. நிலம் தவிர வேறு சொத்தே இல்லாத குடியானவர் வீட்டு விதவைக்கு அந்தச் சட்டத்தால் என்ன பிரயோஜனம்? அடுத்த வருஷம் ‘நாகம்மாள்’ வெளிவருகிறது. கோர்ட்டுத் தீர்ப்பைப் பார்த்துச் சண்முகசுந்தரம் எழுதினார் என்று சொல்ல முடியாது. ஊரில் இருந்ததை எழுதினார். அது தீர்ப்புக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டது.

இந்த நாவலில் கொங்குத் தமிழ் சிரிப்புக்கு வரவில்லை. சிரிப்பு இருக்கிறது, குத்தல், கேலி, பெண்கள் வேலி ஓரம் நின்று பேசும் பேச்சு எல்லாம் உண்டு. ஆனால் ஒருவர் ‘ஏனுங்க’ என்று ஆரம்பித்தவுடன் வாசகர் சிரிக்கத் தயாராகிவிட வேண்டும் என்கிற ஏற்பாடு இல்லை. அந்த ‘ஏனுங்க’வுக்குப் பின்னால் நிலம் இருக்கலாம், பசி இருக்கலாம், வஞ்சகமும் இருக்கலாம்.

சினிமாவில் என்ன நடந்தது? நாகேஷின் பெயர் சொல்லும் வேடங்களை எண்ணிப் பாருங்கள். ‘காதலிக்க நேரமில்லை’ செல்லப்பா, ‘திருவிளையாடல்’ தருமி, ‘தில்லானா மோகனாம்பாள்’ வைத்தி. மூவரும் மறக்க முடியாதவர்கள். ஒருவர்கூடத் தாராபுரத்துப் பேச்சுப் பேசவில்லை. அன்றைய சினிமாவில் கொங்குத் தமிழுக்கு அவ்வளவாக இடம் கிடையாது. வைத்தி மட்டும் இந்தப் பகுதியில் கவனிக்க வேண்டியவர். அவர் ஏட்டிலிருந்து வந்தவர். கொத்தமங்கலம் சுப்பு ‘கலைமணி’ என்ற பெயரில் வார இதழ்த் தொடராக எழுதிய நாவலை 1968-ல் ஏ.பி. நாகராஜன் படமாக்கினார். தொடரில் படித்து முகஞ்சுளித்த வைத்தியைத் திரையில் பார்த்து ஜனங்கள் ரசித்தார்கள். ஏட்டில் கயவன், திரையில் செல்லப்பிள்ளை. நாகேஷ் செய்த மாயம் அது.

ஆனால் நாகேஷ் நடித்த இலக்கியப் படங்களில் இன்னொன்று, சிரிக்கவைக்காதது. ஜெயகாந்தன் தன் குறுநாவல் ‘யாருக்காக அழுதான்’ கதையைத் தானே இயக்கி 1966-ல் வெளியிட்டார். லாட்ஜ் ஒன்றில் எடுபிடி வேலை செய்யும் ‘திருட்டுமுழி’ ஜோசப், செய்யாத திருட்டுக்குப் பழி சுமக்கிறவன். எதிர்த்துப் பேசாதவன். அந்த வேடம் நாகேஷுக்கு. கை கால்களை நாலு திசையிலும் வீசி ஆடிய மனிதர், இதில் உடம்பைச் சுருக்கிக்கொண்டு நிற்கிறார். தியேட்டரில் அவர் முகம் தெரிந்ததும் பழக்கத்தில் சிரித்தவர்கள், கொஞ்ச நேரத்தில் அந்தச் சிரிப்பை எங்கே வைப்பது என்று தெரியாமல் தவித்திருப்பார்கள். படம் பெரிய ஓட்டம் ஓடவில்லை. ஓடியிருந்தால் தமிழ் சினிமா தன் சிரிப்பு நடிகர்களை இன்னும் வேறு மாதிரி பயன்படுத்தியிருக்குமோ என்னவோ.

பிறகு எழுபதுகளின் கடைசியில் இருந்து கொங்கு அலையாகவே வந்தது. கோபி பக்கம் வெள்ளாங்கோயிலில் இருந்து பாக்யராஜ், சூலூரில் இருந்து மணிவண்ணன், கோவையில் இருந்து சத்யராஜ், கோவை சரளா. கூடவே கவுண்டமணி. இவர்களால் ‘ஏனுங்க’ தமிழ்நாடு முழுக்கத் தெரிந்த சொல்லாயிற்று. 1994-ல் வந்த ‘அமைதிப்படை’யை எத்தனை தடவை பார்த்தாலும் அலுக்காது. கோயிலில் தேங்காய் பொறுக்கித் தின்ற அமாவாசை, நாகராஜ சோழன் எம்.ஏ.வாக எழுந்து நிற்கும்போது அது காமெடியா, அரசியலா என்று பிரிக்க முடியாது. 1995-ல் பாலுமகேந்திராவின் ‘சதிலீலாவதி’யில் கோவை சரளாவுக்குக் கமலின் மனைவி வேடம். பழனியம்மாள் பேசுவது பூராவும் கொங்கு. சிரிப்பு வருகிறது. ஆனால் அவளைப் பார்த்து அல்ல. அவள் பக்கம் நின்றுகொண்டு அவள் புருஷனைப் பார்த்துச் சிரிக்கிறோம். அது அபூர்வம்.

மற்றபடி சினிமா கொங்குத் தமிழுக்கு இரண்டு நாற்காலிகள்தான் போட்டது. ஒன்று பஞ்சாயத்துத் திண்ணையில், துண்டு போட்ட பண்ணாடிக்கு. ‘சின்னக்கவுண்டர்’ மாதிரிப் படங்களில் அவர் உட்கார்ந்திருப்பார். இன்னொன்று காமெடிக்கு. பங்கு கேட்கும் நாகம்மாளுக்கும், அந்தப் பண்ணாடியின் தொண்டுப்பட்டியில் சாணி அள்ளுகிற ஆளுக்கும் நாற்காலி போடவில்லை. போட்டால் அவர்கள் என்ன பேசுவார்களோ என்ற பயமாகவும் இருக்கலாம். தமிழ் நாவல்கள் படமான கதையைச் சொல்லும்போது எல்லோரும் வரிசையாக அடுக்கும் பெயர்களில் ‘நாகம்மாள்’ வருவதே இல்லை.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. சண்முகசுந்தரம் வங்க நாவல்கள் பலவற்றைத் தமிழுக்குக் கொண்டுவந்தவர். அவற்றில் ஒன்று விபூதிபூஷண் பந்தோபாத்யாயவின் ‘பதேர் பாஞ்சாலி’. சத்யஜித் ராய் 1955-ல் அதைப் படமாக்கியதால் வங்கக் கிராமத்து துர்காவும் அப்புவும் உலகத்துக்கே தெரிந்தவர்களானார்கள். அந்த நாவலைத் தமிழாக்கிய மனிதருடைய சொந்த நாவலுக்கு ஒரு ராய் வாய்க்கவில்லை.

இப்படித்தான் எல்லா ஊரிலும் நடக்குமா? செர்பியாவைக் கொஞ்சம் எட்டிப் பார்க்கலாம். எங்கோ ஐரோப்பாவின் மூலைக்கு ஏன் போக வேண்டும் என்றால், அங்கே தெற்கில் லெஸ்கோவாட்ஸ் என்று ஒரு நெசவுத் தொழில் நகரம் இருக்கிறது. ‘செர்பியாவின் மான்செஸ்டர்’ என்று பெயர் எடுத்தது. கோவையைத் தென்னிந்தியாவின் மான்செஸ்டர் என்கிறோமே, அதேதான். அந்தத் தெற்குப் பகுதியின் பேச்சும் தலைநகர் பெல்கிரேடில் இருப்பவர்களுக்குச் சிரிப்பு மூட்டுகிற பேச்சு. சீமை மாறினாலும் சங்கதி மாறவில்லை.

லெஸ்கோவாட்ஸுக்குப் பக்கத்திலுள்ள பெரிய ஊர் நிஷ். அங்கே பள்ளிக்கூட வாத்தியாராகப் போனவர் ஸ்டெவான் ஸ்ரேமாட்ஸ் (1855 – 1906). வடக்கே சென்ட்டாவில் பிறந்தவர். தெற்குப் பேச்சு அவருக்கு வந்த இடத்துப் பேச்சுத்தான். காதைத் தீட்டிக்கொண்டு கேட்டு, அதிலேயே கதைகள் எழுதினார். ஒரு கதையில் பண்டிகைக்கு விருந்துக்கு வந்தவர்கள் நாள் கணக்கில் குடித்துக்கொண்டு, போகமாட்டேன் என்று உட்கார்ந்துவிடுகிறார்கள். வீட்டுக்காரர் தன் வீட்டை விட்டே ஓட வேண்டியதாகிறது. கொங்கு நாட்டில் ‘ஒறம்பரை’ வந்து நாலு நாள் தங்கிய அனுபவம் உள்ளவர்களுக்கு விளக்கம் தேவைப்படாது. இன்னொன்றில் பெரிய பணக்காரர் வீட்டுப் பெண் ஸோனாவுக்கும் பொற்கொல்லன் மானேவுக்கும் காதல். அந்தஸ்து குறுக்கே நிற்கிறது. மானே ஒரு தந்திரம் செய்கிறான்: அவளைத் தூக்கிக்கொண்டு போய்விட்டதாக ஊரை நம்பவைக்கிறான். பெயர் கெட்ட பெண்ணை வேறு யார் கட்டுவார்கள்? சிரித்துக்கொண்டே படிக்கலாம். ஆனால் ஒரு பெண்ணின் பெயர் ஊர் வாயில் என்ன பாடு படுகிறது என்பதும் அதற்குள்ளேயே இருக்கிறது.

அவர்கள் இந்த எழுத்தாளரை விட்டுவிடவில்லை. இரண்டு பாதிரிமார்களின் குடுமிப்பிடியைச் சொல்லும் அவருடைய நாவலை 1957-ல் சோயா யொவானோவிச் என்ற பெண் இயக்குநர் படமாக்கினார். யுகோஸ்லாவியாவின் முதல் வண்ணக் கதைப்படம் அது. நாட்டின் முதல் கலர் படத்துக்கு ஒரு கிராமத்து நகைச்சுவை நாவலைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள் பாருங்கள். ஸோனாவின் கதையை 2002-லும், விருந்தாளிகளின் கதையை 2005-லும் ஸ்த்ராவ்கோ ஷோத்ரா எடுத்தார். ஸோனா படம் தெற்குப் பேச்சிலேயே வந்து செர்பியா முழுக்கக் கூட்டம் கூட்டியது. பிரானிஸ்லாவ் நூஷிச் என்று இன்னொருவர். அவருடைய ‘மந்திரி சம்சாரம்’ நாடகத்தில், கணவன் மந்திரியானதும் ஒரு சாதாரணக் குடும்பத்தலைவிக்குத் தலைகால் புரியாமல் போகிறது. 1929-ல் எழுதியது, 1958-ல் படமானது. அமாவாசை எம்.எல்.ஏ. ஆனதை ரசித்தவர்களுக்கு அந்த அம்மாவையும் பிடிக்கும்.

அங்கேயும் குறை சொல்கிறவர்கள் உண்டு: வட்டாரப் பேச்சை வைத்து வேடிக்கை காட்டுகிறார்கள், பழைய உடுப்பும் பாட்டும் காட்டி மயக்குகிறார்கள் என்று. குறையில் நியாயம் இருக்கிறது. ஆனாலும் நூறு வருஷத்துக்கு முந்தைய ஏட்டுக்கும் இன்றைய திரைக்கும் நடுவே அவர்களுக்கு ஒரு பாதை இருக்கிறது. பிள்ளைகள் படம் பார்த்துவிட்டுப் புத்தகத்துக்குப் போகலாம். கொங்குக்கு அந்தப் பாதை வெகுகாலம் போடப்படாமலே கிடந்தது.

போடத் தொடங்கியவர் பக்கத்து நாமக்கல் மாவட்டத்துக்காரர். பெருமாள்முருகனின் குடும்பத்துக்குத் திருச்செங்கோட்டில் சினிமா தியேட்டரில் சோடாக்கடை இருந்தது. தியேட்டரையே களமாக வைத்து அவர் எழுதிய ‘நிழல்முற்றம்’ 1993-ல் வந்தது. அந்த நாவலில் திரையில் ஓடும் படம் முக்கியம் அல்ல. இடைவேளையில் சோடா விற்று, ராத்திரி தியேட்டரிலேயே சுருண்டு கிடக்கிற பையன்கள்தான் முக்கியம். சினிமாவைப் பார்க்கிறவர்கள் பார்க்காத பக்கம் அது. இவரே சண்முகசுந்தரத்தின் படைப்புகளை ஆராய்ந்து தனிப் புத்தகம் எழுதியவர். கொங்கு வட்டாரச் சொற்களைத் தொகுத்து அகராதியும் போட்டார். கீரனூரில் 1942-ல் பற்றவைத்த விளக்கிலிருந்து எண்ணெய் எடுத்துக்கொண்டு போனவர் என்று தாராளமாகச் சொல்லலாம்.

அவருடைய ‘வறுகறி’ சிறுகதைதான் ‘சேத்துமான்’ படமானது. இயக்கியவர் தமிழ், தயாரித்தவர் பா. இரஞ்சித், வசனம் பெருமாள்முருகனே. 2022 மே மாதம் சோனி லிவ் தளத்தில் வெளியானது. சேற்றில் திரியும் மான் என்றால் பன்றி. வெள்ளையன் என்ற பண்ணாடிக்குப் பன்றிக்கறி மேல் கொள்ளை ஆசை. ஆனால் அவர் சாதிக்கு அது இழிவு. வீட்டிலும் மானம் போகும், ஊரிலும் போகும். ஆசை விடுமா? கூட்டாளிகள் சேருகிறார்கள், பணம் போடுகிறார்கள், பன்றியைத் தேடுகிறார்கள், ஒளித்துச் சமைக்க இடம் பார்க்கிறார்கள். இந்த ஏற்பாடுகள் அவ்வளவும் சிரிப்பு. வெள்ளையனும் மனைவியும் போடும் சண்டையைப் பார்த்தால் பக்கத்து வீட்டுச் சுவரில் காது வைத்தது போல இருக்கும்.

எடுபிடி வேலை பூராவும் பூச்சியப்பனுக்கு. கூடை முடைகிற தாத்தா. தாய் தகப்பன் இல்லாத பேரன் குமரேசனைத் தோளில் தூக்கிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்கு நடக்கிறவர். பேரன் படித்துவிட வேண்டும் என்பது தவிர அவருக்கு வேறு ஆசை இல்லை. அந்தச் சமயத்தில் தலித் ஒருவர் குடியரசுத் தலைவராகப் போகிறார் என்ற 2017-ஆம் வருஷத்துச் செய்தி டீக்கடையில், டி.வி.யில் ஓடிக்கொண்டே இருக்கிறது. டெல்லியில் நாற்காலி கிடைக்கிறது, இங்கே பூச்சியப்பன் நின்றுகொண்டே இருக்கிறார்.

படத்தில் எல்லோரும் பேசுவது கொங்குத் தமிழ்தான். பண்ணாடியும் அதையே பேசுகிறார், பூச்சியும் அதையே பேசுகிறார். ஒரே ‘ங்க’. ஒருவர் வாயில் அது அதிகாரத்துக்குப் போட்ட மெருகு. இன்னொருவர் வாயில் குனிந்த முதுகு. சினிமாவில் அதுவரை கேட்டுப் பழகிய ‘ங்க’வுக்குள் இப்படி இரண்டு தட்டு இருப்பதே இந்தப் படம் பார்த்த பிறகுதான் பலருக்கு உறைத்தது. முடிவை இங்கே சொல்ல வேண்டாம். கறிக்கான தகராறு எங்கே போய் முடிகிறது என்று தெரிந்த பிறகு, முதல் பாதியில் சிரித்த சிரிப்புகளை ஒவ்வொன்றாகத் திருப்பி எண்ண வேண்டிவரும். ‘நாகம்மாள்’ நிலத்தின் பங்கைச் சொன்ன கதை. இது கறியின் பங்கைச் சொல்லும் கதை. இரண்டிலும் பங்கு பிரிக்கிற இடத்தில்தான் வினை.

வெள்ளையனாக நடித்த பிரசன்னா பாலசந்திரனைத் திருப்பூர் டீ டைம் கூட்டத்துக்கு ஏற்கெனவே தெரியும். கோவையிலிருந்து இயங்கும் ‘நக்கலைட்ஸ்’ யூடியூப் குழுவில் பார்த்துச் சிரித்த முகம். சிரிப்புக்குப் பழகிய முகத்தை வைத்துக் கனமான கதை சொல்வது, ஜெயகாந்தன் நாகேஷை வைத்துச் செய்ததுதான். நடுவில் ஐம்பத்தாறு வருஷம் ஓடிவிட்டது.

பெருமாள்முருகனின் ‘கோடித்துணி’ கதையும் ‘அங்கம்மாள்’ என்ற பெயரில் படமாகியிருக்கிறது. இயக்கியவர் விபின் ராதாகிருஷ்ணன். ரவிக்கை போடாமலே வாழ்ந்துவிட்ட கிராமத்து அம்மா. படித்த மகனுக்கு வெளி மனிதர்கள் முன்னால் அது கூச்சமாக இருக்கிறது. உடம்பு யாருடையது, மானம் யாருடையது என்ற வாதம் ஒரு துணியில் வந்து தொங்குகிறது. கீதா கைலாசம் அந்த அம்மாவாகவே இருக்கிறார். (நாகேஷை ‘சர்வர் சுந்தரம்’ ஆக்கிய கே. பாலசந்தரின் மருமகள் இவர்.) நல்ல படம். ஆனால் கொங்குக் கதை, படத்தில் நெல்லைப் பக்கத்துக் கிராமத்துக்கு நகர்ந்துவிட்டது. இயக்குநரின் சௌகரியம் அது. யாரும் குறை சொல்ல முடியாது. இருந்தாலும் ‘ஏனுங்க’ காதில் விழும் என்று எதிர்பார்த்துப் போனவர்களுக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான்.

இனித் திருப்பூர் நகரத்துக்கே வரலாம். பனியன் கம்பெனி வாழ்க்கையைச் சொல்ல நாவல் இல்லையா? இருக்கிறது. அதே ஊரில் பிறந்த எம். கோபாலகிருஷ்ணனின் ‘மணல்கடிகை’ 2004-ல் வந்தது. ஐந்து இளைஞர்கள், கூடவே பெருத்துக்கொண்டு போகும் ஊர், ஏற்றுமதி ஆர்டர் கொண்டுவந்த பணம், பணம் கொண்டுபோன மனிதர்கள். ஷிப்மெண்ட் தேதி நெருங்கும்போது ஒரு கம்பெனியில் மனிதர்களுக்கு என்ன ஆகிறது என்பதை இந்த ஊரில் வேலை பார்த்தவர்கள் பக்கத்துக்குப் பக்கம் அடையாளம் கண்டுகொள்வார்கள். சுப்ரபாரதிமணியனின் ‘சாயத்திரை’ அதற்கும் முந்தியது, 1998. பெயரிலேயே திரை இருக்கிறது. நொய்யலில் என்ன கலர் தண்ணீர் போகிறது என்று பார்த்து அந்த வாரத்து ஆர்டர் என்ன கலர் என்று சொல்லிவிடலாம் என்று ஊரில் கேலியாகப் பேசிக்கொண்ட காலம். சாயப்பட்டறைகளை மூடச்சொல்லி சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது 2011 ஜனவரியில். நாவல் பதின்மூன்று வருஷம் முன்னாலேயே அந்தத் தண்ணீரில் கால் வைத்துவிட்டது.

சிவப்பும் நீலமுமாக ஓடுகிற ஆறு. ராத்திரி ஷிப்ட் முடிந்து டியூப்லைட் வெளிச்சத்திலிருந்து இருட்டுக்குள் இறங்கும் பெண்கள். மதுரையிலிருந்து வந்து ஆறே மாதத்தில் ‘ஏனுங்க’ பழகிவிட்ட பேட்லாக் டெய்லர். ஒடிசாவிலிருந்து வந்து இப்போதுதான் அதைப் பழகிக்கொண்டிருக்கும் பையன். கேமராவுக்கு இதைவிட என்ன வேண்டும்? அந்த ஒடிசாப் பையன் வாயில் வரும் ‘ஏனுங்க’வில் சிரிப்பும் இருக்கிறது, ஊர் விட்டு வந்த கதையும் இருக்கிறது. சினிமா வியாபாரத்தில் திருப்பூர் என்ற பெயர் நன்றாகத் தெரிந்த பெயர். வசூல் கணக்கில் அதற்கு முதல் வரிசை. கதைக் கணக்கில் வரவு வைப்பதற்கு இரண்டு நாவல்கள் அச்சில் தயாராக இருக்கின்றன. உரிமை கேட்டு யாராவது போக வேண்டியதுதான் பாக்கி.

‘நாகம்மாள்’ பெரிய புத்தகம் அல்ல. திருப்பூர் பஸ் ஸ்டாண்டில் தாராபுரம் பஸ் ஏறினால் சுமார் 50 கிலோமீட்டர். ஞாயிற்றுக்கிழமை ஜன்னல் ஓர சீட் கிடைத்துவிட்டால், போகும்போது பாதி, திரும்பும்போது மீதி. பக்கத்து சீட்டில் யாராவது ‘ஏனுங்க, என்ன பொஸ்தகமுங்க?’ என்று கேட்டால் அட்டையைக் காட்டுங்கள்.